மதுரைக்கால்: ஒரு நோய்க்கு நம்ம ஊர்ப் பெயர் வந்த கதை

பிளஸ் டூ ரிசல்ட் வர்ற நேரத்துல எனக்குத் தவறாம வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "அண்ணா, பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி சேரலாமா? படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" நான் படிச்சது இன்ஜினியரிங், பார்க்கிறது சாஃப்ட்வேர் வேலை. இதுக்கு நான் பதில் சொல்றதே கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனா இது வரலாறு பேசுற பாட்காஸ்ட். அந்தப் படிப்பு எதற்காக இருக்கிறது என்பதை ஒரு வரலாறு வழியாகச் சொல்ல முடியும். அந்த வரலாறு எங்க ஊர்ப் பக்கத்துல தொடங்குது.

எங்க ஊர்ப் பக்கம்னா அருப்புக்கோட்டை, திருச்சுழி. தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: மதுரைக்குத் தெற்கே, வானம் பார்த்த பூமி. கரிசல் மண், பருத்தி, உளுந்து, கண்மாய். கண்மாயில் தண்ணீர் நிற்கும் மாதங்களை விட நிற்காத மாதங்கள் அதிகம். மரம்னு பார்த்தா கருவேலம், உடை. போன நூற்றாண்டில் சீமைக்கருவேலமும் வந்து சேர்ந்தது. மூன்றிலும் முள். எங்க தாத்தா காலத்து ஆட்கள் அரைஞாண் கயிற்றில் முள்வாங்கி ஒன்றைக் கட்டியிருப்பார்கள். செருப்பு இல்லாமல் காட்டுக்குப் போவார்கள், முள் ஏறும், அங்கேயே உட்கார்ந்து எடுத்துப் போட்டுவிட்டு நடப்பார்கள். முள் குத்துவதை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த முள்தான் இன்றைய கதையின் முதல் பாத்திரம்.

1842-ல் மதுரையில் இருந்த மருந்தகத்தில் ஜான் கில் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு விசித்திரமான கால் நோயைப் பற்றி அறிக்கை எழுதினார். பாதம் வீங்குகிறது. பெரிதாக வலி இல்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வீக்கம் பெருகுகிறது. பிறகு தோலில் சின்னச் சின்னத் துளைகள் விழுகின்றன. துளைகளிலிருந்து சீழ் வருகிறது. சீழோடு கடுகு மாதிரி, ரவை மாதிரி துகள்கள் வருகின்றன. சிலருக்குக் கறுப்பு, சிலருக்கு வெள்ளை அல்லது மஞ்சள், சிலருக்குச் சிவப்பு. உள்ளே எலும்பு அரிக்கப்படுகிறது. கடைசியில் காலை வெட்டி எடுக்க வேண்டிய நிலை. 1846-ல் அதே மதுரை மருந்தகத்திலிருந்து கோல்புரூக் என்ற இன்னொரு மருத்துவர் எழுதியபோது ‘மதுரைக்கால்’ என்ற பெயர் மருத்துவ உலகத்துக்குள் போய்விட்டது. ஆங்கிலப் பாடப்புத்தகங்களில் இன்றைக்கும் அது ‘மதுரா ஃபுட்’தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்க. அன்றைய மதுரை மாவட்டம் இன்றைய மதுரை நகரம் இல்லை. ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. ராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910-ல்தான். அதனால ‘மதுரை’ என்று அந்த அறிக்கைகள் சொல்லும்போது அதற்குள் எங்க கரிசலும் முள்காடும் அடங்கும். செருப்பில்லாமல் வேலை செய்த விவசாயிகளும் ஆடு மேய்த்தவர்களும்தான் இந்த நோயில் அதிகம் சிக்கியவர்கள். ஆனா அந்த நோயாளிகள் ஒருத்தர் பெயர்கூட நமக்குத் தெரிந்த இந்தக் கதையில் இல்லை. ஊர்ப் பெயர் மட்டும் இருக்கிறது.

சரி, எது இந்த நோயை உண்டாக்குகிறது? இதைத் தேடியவர்களில் முக்கியமானவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். இவரை உங்களுக்கு வேறு விதத்தில் தெரிந்திருக்கலாம். மருத்துவ மாணவர்கள் எல்லோரும் கேள்விப்பட்ட ‘கிரேஸ் அனாட்டமி’ புத்தகம் 1858-ல் வந்தது. அதில் உள்ள படங்களை வரைந்தவர் கார்ட்டர். புத்தகத்தின் பெயரிலேயே கிரே இருக்கிறார். கார்ட்டருக்கு ராயல்டிகூட வரவில்லை. அதே ஆண்டு அவர் பம்பாய்க்கு வேலைக்கு வந்துவிட்டார்.

பம்பாயில் இந்தக் கால் நோயைப் பார்த்தார். துகள்களை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். உள்ளே நூல் நூலாக ஏதோ பின்னிக்கிடந்தது. 1860-ல் அவர் சொன்னார்: இது பூஞ்சை. அதனால்தான் ‘மைசிட்டோமா’, அதாவது பூஞ்சைக் கட்டி, என்ற பெயர். 1874-ல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். யோசிச்சுப் பாருங்க, காசநோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று ராபர்ட் கோக் அறிவித்தது 1882-ல். அதற்கு 22 வருடம் முன்பே ஒருவர், உடம்புக்குள் வளரும் ஒரு நுண்ணுயிர்தான் இந்த நோய்க்குக் காரணம் என்று பம்பாயில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

ஆனா கதை அவ்வளவு நேராகப் போகவில்லை. கார்ட்டர் அந்த நுண்ணுயிரைத் தனியாக வளர்த்துப் பார்க்கவும் முயன்றார். இளஞ்சிவப்பில் ஒரு பூஞ்சை வளர்ந்தது. இங்கிலாந்தில் பெர்க்லி என்ற பூஞ்சை நிபுணர் அதற்குக் கார்ட்டரின் பெயரையே வைத்தார். பிற்பாடு தெரிந்தது, அது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட வேறு ஏதோ ஒன்று. நோயோடு அதற்குச் சம்பந்தமே இல்லை.

இதைக் கார்ட்டரின் குறையாகப் பார்க்க வேண்டாம். அந்தக் காலத்தில் ஒரு நுண்ணுயிரை மட்டும் பிரித்து வளர்க்க நம்பகமான வழியே இல்லை. திட ஊடகம், குறிப்பாக அகர், கோக்கின் ஆய்வகத்துக்கு வந்தது 1880-களில். ஃபேனி ஹெஸ் என்ற பெண் தன் சமையலறை அனுபவத்திலிருந்து சொன்ன யோசனை அது. அகர் என்பது கடற்பாசிச் சாறு. மண்டபம், பாம்பன் பக்கம் நம்ம பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்து வருகிறார்களே, அந்தப் பாசியிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள். மைக்ரோபயாலஜி சேர்ந்தால் முதல் வருடத்திலேயே உங்க கையில் கொடுக்கும் வேலை இதுதான்: அகர் காய்ச்சி பெட்ரி தட்டில் ஊற்று, காற்றில் இருப்பதும் உன் கையில் இருப்பதும் உள்ளே விழாமல் பார்த்துக்கொள். சலிப்பான வேலை மாதிரி தெரியும். அந்தச் சலிப்பான வேலைக்கு வழி இல்லாததால்தான் கார்ட்டர் மாதிரி ஒரு திறமைசாலி தப்பான பூஞ்சையைப் பிடித்தார்.

1894-ல் அல்ஜீரியாவில் வின்சென்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு மைசிட்டோமா நோயாளியிடமிருந்து நுண்ணுயிரைத் தனியாக வளர்த்தார். அதுவும் நூல் நூலாகத்தான் இருந்தது. ஆனா பூஞ்சை இல்லை. பூஞ்சை மாதிரி கிளை விட்டு வளரும் ஒரு வகை பாக்டீரியா. இன்றைக்கு அதன் பெயர் ஆக்டினோமதுரா மதுரே. 1905-ல் பாரிஸில் புரும்ப்ட் என்பவர் கறுப்புத் துகளில் இருந்த நிஜமான பூஞ்சைக்கு மதுரெல்லா என்று பேரினப் பெயர் வைத்தார். ஆக, ஒரே நோய், இரண்டு வேறு வேறு எதிரிகள். இரண்டின் பெயரிலும் மதுரை! 1913-ல் பினுவா என்ற ஆய்வாளர் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்தார்.

நான் கோடு எழுதுறவன், அதனால என் பாஷையில் சொல்றேன். ஸ்க்ரீன்ல வர்ற எர்ரர் மெசேஜ் ஒண்ணு, பின்னாடி இருக்கிற பக் ரெண்டு. ஒண்ணுக்கான ஃபிக்ஸை இன்னொண்ணுக்குப் போட்டா எதுவும் சரியாகாது. இங்கே அப்படித் தப்பா ஃபிக்ஸ் போட்டா போறது ஒருத்தரோட கால்.

ஏன்னா பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக் கேட்கும். கோ-டிரைமாக்சசோல், அமிகாசின் மாதிரி மருந்துகளை மாதக்கணக்கில் கொடுத்தால் பெரும்பாலும் காலைக் காப்பாற்றிவிடலாம். பூஞ்சை என்றால் அந்த மருந்துகள் எதுவும் வேலை செய்யாது. இட்ராகொனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லியை ஒரு வருடத்துக்கு மேல் கூடக் கொடுக்க வேண்டும், பெரும்பாலும் அறுவை சிகிச்சையும் வேண்டும். அப்படியும் கால் போகலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கால்களும் ஒரே மாதிரி வீங்கித்தான் இருக்கும். துகளின் நிறம் கொஞ்சம் உதவும். கறுப்பு என்றால் பூஞ்சை. சிவப்பு என்றால் பாக்டீரியா. வெள்ளை, மஞ்சள் என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

அப்போ யார் சொல்வது? துகளை நசுக்கி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவர். நூலின் தடிமன் ஒரு மைக்ரான் அல்லது அதற்கும் குறைவு என்றால் பாக்டீரியா. இரண்டு முதல் ஆறு மைக்ரான் வரை என்றால் பூஞ்சை. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த வித்தியாசத்தைப் பார்த்துச் சொல்வதுதான் மைக்ரோபயாலஜிஸ்ட்டின் வேலை. ‘இது யாரு?’ இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் படிப்பு. மற்ற எல்லாம் இதிலிருந்து கிளம்புகிற கிளைகள்.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்று உண்டு. நோயின் பெயர் மதுரை. அதைப் புரிந்துகொண்டது பம்பாய், அல்ஜீரியா, பாரிஸ், கார்ட்டூம். நம்ம பக்கத்திலிருந்து போனது வெட்டி எடுத்த கால்கள் மட்டும். கேள்வி நம்ம மண்ணில் இருந்தது, பதில் சொல்லும் ஆய்வகம் வேறு எங்கோ இருந்தது. இது மாறியதா?

மாறியது. அதைப் பார்க்க, அதே முள் காலை விட்டுக் கண்ணில் குத்துவதைப் பார்க்க வேண்டும்.

அறுப்பு நேரத்தில் நெல் தாள் கண்ணில் படும். சுள்ளி வெட்டும்போது தெறிக்கும். மாட்டின் வால் அடிக்கும். கருவிழியில் சின்னக் கீறல். நாலு நாளில் கண் சிவந்து, கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழும். கிராமத்தில் முதலில் தாய்ப்பால் விடுவார்கள், இல்லையென்றால் மருந்துக்கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றுவார்கள். அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்து, புண் பூஞ்சையால் வந்ததாக இருந்தால், எரியும் அடுப்பில் எண்ணெய் விட்ட மாதிரிதான்.

மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி, எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர். அவரும் கரிசல் மண் பிள்ளைதான். அந்த மருத்துவமனையில் 1994-ன் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஒரு ஆய்வுக்காகப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு ஏற்கெனவே கண்ணில் அடிபட்டிருந்தது. ஆய்வகத்தில் கிருமி வளர்ந்தவர்களில் 47.1 சதவீதம் பேருக்கு பாக்டீரியா மட்டும், 46.8 சதவீதம் பேருக்குப் பூஞ்சை மட்டும். கிட்டத்தட்ட சரிபாதி. அதாவது பார்க்காமல் மருந்து கொடுத்தால் அது காசு சுண்டிப் போடுவதற்குச் சமம்.

பார்ப்பது கஷ்டமா? இல்லை. புண்ணைச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட வேண்டும். செல்கள் கரைந்து, பூஞ்சை நூல் மட்டும் தெளிவாகத் தெரியும். சில நிமிட வேலை. செலவும் அதிகமில்லை. வேண்டியது ஒரு மைக்ரோஸ்கோப், அதில் பார்த்துப் பழகிய ஒரு கண். ஒரு விவசாயியின் பார்வை அந்தச் சில நிமிடத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அடுத்த கட்டமும் இங்கேயே நடந்தது. பூஞ்சைப் புண்ணுக்கு நேட்டமைசின் என்ற பழைய சொட்டு மருந்து நல்லதா, வோரிகொனசோல் என்ற புது மருந்து நல்லதா என்று 2010, 2011-ல் அரவிந்தின் மருத்துவமனைகளும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்களும் சேர்ந்து 323 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2013-ல் முடிவு வெளியானது: பழைய நேட்டமைசின்தான் சிறந்தது. குறிப்பாக ஃபியூசேரியம் என்ற பூஞ்சைக்கு. உலகம் முழுக்கக் கண் மருத்துவர்கள் இன்று இந்த முடிவைத்தான் பின்பற்றுகிறார்கள். அந்தச் சோதனையில் யாரைச் சேர்ப்பது என்று தீர்மானித்தது எது? மைக்ரோஸ்கோப்பில் பூஞ்சை தெரிந்ததா இல்லையா என்பதுதான்.

நேட்டமைசின் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1950-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நூல்வகை பாக்டீரியாவிலிருந்து. மதுரைக்காலை உண்டாக்கும் அந்த பாக்டீரியாவின் தூரத்துச் சொந்தம். ஒரு மண் கிருமி காலை அரிக்கிறது, அதன் பங்காளி கண்ணைக் காப்பாற்றுகிறது.

‘இது யாரு?’ என்ற கேள்விக்கு இன்னொரு வடிவம் உண்டு: ‘அது இங்கே இருக்கா?’ இதைக் கேட்டவர் ஒரு மாணவி. 1985 கடைசி. சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி முதுநிலை படித்துக்கொண்டிருந்த 32 வயது செல்லப்பன் நிர்மலா தீசிஸுக்குத் தலைப்புத் தேடினார். பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்ன யோசனை, தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது. அப்போது அது மேலைநாட்டு நோய், இங்கே வராது என்பதுதான் பொது நம்பிக்கை. நிர்மலா மயிலாப்பூர் விஜிலென்ஸ் ஹோமில் இருந்த 80 பெண்களிடமும் மற்றவர்களிடமும் ரத்த மாதிரி எடுத்தார். வைக்க இடமில்லாததால் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். சென்னையில் எலைசா சோதனை வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் கணவரோடு ராத்திரி ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டு போனார். ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாயின. அமெரிக்காவில் மறுசோதனை செய்தும் அதே முடிவு. மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று நாடு தெரிந்துகொண்டது ஒரு மாணவியின் தீசிஸ் வழியாக.

சுனிதி சாலமன் 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கி 2015-ல் இறக்கும்வரை அந்த நோயாளிகளோடு இருந்தார். நிர்மலா 1987 மார்ச்சில் தீசிஸ் கொடுத்துவிட்டு, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலைக்குச் சேர்ந்து, 2010-ல் ஓய்வு பெற்றார். அந்தக் கண்டுபிடிப்பு வந்து முப்பது வருடம் கழித்துத்தான் பலருக்கும் அவர் பெயரே தெரிய வந்தது.

இப்போ அந்த முதல் கேள்விக்கு வருவோம். என்ன வேலை கிடைக்கும்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். நிர்மலா போன பாதை எம்.பி.பி.எஸ். முடித்து அப்புறம் மைக்ரோபயாலஜி. அது டாக்டர் பாதை. பி.எஸ்சி., எம்.எஸ்சி. என்பது அறிவியல் பாதை. இரண்டு பேரும் ஒரே ஆய்வகத்தில் இருக்கலாம், ஆனா ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் உரிமை ஒரே மாதிரி இல்லை. சேருவதற்கு முன்னாடியே இது தெரிஞ்சிருக்கணும்.

அறிவியல் பாதையில் என்ன இருக்கிறது? மருந்துக் கம்பெனி. கண்ணில் விடும் சொட்டு மருந்து, ஊசி மருந்து எல்லாம் கிருமி இல்லாமல் இருக்கிறதா என்று 14 நாள் வளர்த்துப் பார்த்துதான் வெளியே விடுவார்கள். அதைச் செய்வது மைக்ரோபயாலஜி படித்தவர்கள். அருப்புக்கோட்டையில் தெருத்தெருவாக வரும் கேன் தண்ணீர் இருக்கிறதே, 250 மில்லி மாதிரியில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. அதைச் சோதிக்க ஆள் வேண்டும். பால் பண்ணை, உணவு ஆலை, ஏற்றுமதி இறால், எல்லாவற்றிலும் இதே கேள்விதான். மருத்துவமனைகளில் தொற்றுக் கட்டுப்பாடு என்று ஒரு துறை வளர்ந்திருக்கிறது. கொரோனா நேரத்தில் ஆர்.டி.-பி.சி.ஆர். ஆய்வகங்களை ராத்திரி பகலாக ஓட்டியதும் இவர்கள்தான்.

வயல் பக்கம் வந்தால், எங்க கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எங்க பக்கம் உளுந்து விதைக்கிறவர்களுக்குத் தெரியும், ரைசோபியம் பாக்கெட்டை ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி விதைப்பார்கள். வேர் முடிச்சில் உட்கார்ந்து காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியா அது. அந்தப் பாக்கெட்டுக்குள் அது உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று பார்த்துச் சொல்வதும் ஒரு வேலைதான்.

சம்பளம்? ஒளிக்காம சொல்றேன். ஆரம்பத்தில் ஐ.டி. அளவுக்கு வராது. பி.எஸ்சி.யோடு நின்றால் பெரும்பாலும் தரக்கட்டுப்பாட்டு வேலைதான், மேலே போக எம்.எஸ்சி. வேண்டும், ஆராய்ச்சி என்றால் பிஎச்.டி. அதனால கல்லூரி தேடும்போது பிளேஸ்மென்ட் போஸ்டரைப் பார்க்காதீங்க. லேபைப் போய்ப் பாருங்க. எத்தனை மாணவருக்கு ஒரு மைக்ரோஸ்கோப் என்று கேளுங்க. ஊடகத்தை மாணவர்களே தயாரிக்கிறார்களா, லேப் அட்டெண்டர் தயாரித்துத் தருகிறாரா என்று கேளுங்க. கையில் பழகாமல் இந்தத் தொழில் வராது.

மதுரைக்கால் போய்விட்டதா? செருப்பு வந்தது, நோய் குறைந்தது. முழுதாகப் போகவில்லை. இன்றைக்கு அதன் பெரிய சுமை சூடானில்தான். உலக சுகாதார நிறுவனம் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் இதைச் சேர்த்ததே 2016-ல்தான், ஜான் கில் எழுதி 174 வருடம் கழித்து. காரணம் எளிது. வருவது ஏழைக்கு, வலிக்காது, தொற்றாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அரிக்கும். இப்பவும் கரிமூட்டம் போடுகிறவர்களும் ஆடு மேய்க்கிறவர்களும் முள்ளுக்குள்தான் நடக்கிறார்கள். வீட்டில் யாருக்காவது முள் குத்திய இடம் வலிக்காமலே மாதக்கணக்கில் வீங்கிக்கொண்டிருந்தால், அல்லது கண்ணில் அடிபட்டு வெள்ளை விழுந்தால், மருந்துக்கடைக்கு முன்னாடி ஆய்வகம் இருக்கும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்க.

அங்கே உள்ளே, பெயர்ப் பலகை இல்லாத ஒரு அறையில், ஒருத்தர் தகட்டை வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நாற்காலிக்குத்தான் நீங்க விண்ணப்பம் போடலாமான்னு யோசிக்கிறீங்க. போடலாம். அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே.